தப்பாகப் போன ஒரு வேலையைச் சொல்லுங்கள்

என் அருமை மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். இதே வரியை நாலு மாதமாகப் போனில் உன்னிடம் பொய்யாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்றைக்குத்தான் நிஜமாக எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா, பேத்திக்கு ஊசி போட்ட காய்ச்சல் விட்டதா, நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்பாய், பக்கத்தில் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், எனக்கு நாக்கு குழறிவிடும். அதனால் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் பேத்தி தூங்கும்போது நிதானமாகப் படி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, பதறாதே.

உனக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, பிரசவத்துக்கு வருவதற்காக அம்மா பெட்டியெல்லாம் அடுக்கி வைத்திருந்த அதே வாரத்தில், ஒரு நாள் காலையில் மாடிக் குளியலறையிலிருந்து ஈரக் காலோடு இறங்கி வந்தவள் படியில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான், அவகிட்ட மூச்சு விடக் கூடாது, வயித்துப் புள்ளையோட பதறிப் போவா, சத்தியம் பண்ணுங்க என்றாள். பண்ணினேன். அதற்குப் பிறகுதான், பள்ளிக்கூட யூனிபார்ம் ஆர்டர் வந்துவிட்டது, நானூறு சட்டை, விட்டுவிட்டு வர முடியாது என்று அவள் உன்னிடம் சொன்னது. நானூறு சட்டையும் இல்லை, நாலு சட்டையும் இல்லை. அன்றைக்கு நீ போனில், பொண்ணு பிரசவத்தைவிட உனக்குத் தையல்தான் பெரிசாப் போச்சாம்மா என்று கேட்டாய். உன் மேல் தப்பு இல்லை, எந்த மகளும் கேட்பாள். அம்மா, ஆமாண்டி, வாக்குக் குடுத்துட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பேத்திக்கு அனுப்பிய சட்டைகளைப் பார்த்து, என்னப்பா எல்லாம் கைத்தையலா இருக்கு, மெஷின் ரிப்பேரா என்று கேட்டாயே, மெஷினுக்கு ஒன்றும் இல்லை அம்மாடி, மிதிக்கத்தான் கால் வரவில்லை, படுத்தபடியே கையால் தைத்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான சிக்கல். டாக்டர் ஆறு மாதத்துக்குப் படி ஏறக் கூடாது என்றுவிட்டார், குளியலறையோ மாடியில். கீழே பின்பக்கம் இருப்பது வெறும் கழிப்பறை, அதில் ஒரு ஆள் திரும்புவதற்கே இடம் போதாது. கூடத்தில் கட்டிலைப் போட்டேன். சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து நான்தான் தண்ணீர் ஊற்றினேன். முதல் நாள் சுடச் சுட ஊற்றிவிட்டேன், மறுநாள் பயந்து பச்சைத் தண்ணீராக ஊற்றினேன், மூன்றாம் நாளிலிருந்து பதம் பிடிபட்டுவிட்டது. ஆனால் அவள் கண்ணைத் திறக்கவே மாட்டாள். முப்பத்தாறு வருஷமாக என்னை அதட்டி உருட்டி வேலை வாங்கியவள், அந்த நாற்காலியில் மட்டும் இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டு பேசாமல் இருப்பாள். ஒரு நாள் நான் விளையாட்டாக, என்கிட்ட என்ன வெட்கம் என்று கேட்டேன். வெட்கம் இல்லீங்க, நான் இங்கயே இல்லேன்னு நினைச்சுக்கறேன் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என்ன ஆனாலும் கீழே ஒரு குளியலறை கட்டிவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கட்டுவது சரி, யாரை வைத்துக் கட்டுவது. நான் நாற்பது வருஷம் தபால் பிரித்துப் போட்டவன், எந்தக் கடிதம் எந்தத் தெருவுக்கு என்று கேட்டால் பட்டென்று சொல்வேன், எந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் எனக்கு எல்லோரும் நல்லவர்களாகத்தான் தெரிவார்கள். என் சட்டையைக்கூட உன் அம்மாதான் எடுத்துக் கொடுப்பாள் என்பது உனக்குத் தெரியாததா. முதலில் ஒருவர் நாளைக்கு வருகிறேன் என்றார், மூன்று தடவை சொன்னார், அவர் முகத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை. பிறகு உன் பெரிய மாமா தன் சிநேகிதர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரிய காண்ட்ராக்டராம். எப்போதும் சிரித்த முகம், அதனால் அம்மா அவருக்குச் சிரிப்புக்காரர் என்று பேர் வைத்துவிட்டாள். அவர் போனில் படம் படமாகக் காட்டினார், ஒவ்வொரு குளியலறையும் நகைக்கடை மாதிரி மின்னியது. பன்னிரண்டே நாள், சாவியைக் கையில் குடுத்துடறேன் என்றார். நான் என்ன கேட்டாலும், கவலையே படாதீங்க சார், என் வீடு மாதிரி பார்த்துக்கறேன் என்றார். எனக்கு அப்படியே மனசு குளிர்ந்துவிட்டது. கீழே எங்கே கட்டலாம் என்று பார்த்தபோது மாடிப்படிக்குப் பக்கத்தில் அம்மாவின் தையல் அறையைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பழைய மெஷினைத் தூக்கிக் கடாசிட்டா இடம் தாராளம் சார் என்றார். நான் அதற்கும் தலையாட்டினேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவர்கள் போன பிறகு கட்டிலிலிருந்தே அம்மா கூப்பிட்டாள். பதினோரு தடவை கவலைப்படாதீங்கன்னு சொன்னாரு, நான் எண்ணிட்டேன், யாரு குளிக்கப் போறதுன்னு ஒரு தடவை கேட்டாரா என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன், கேட்கவில்லை. கூடத்தைத் தாண்டித்தானே போனார், கட்டிலில் ஒருத்தி படுத்திருக்கிறாள், பக்கத்தில் வாக்கர் நிற்கிறது. அம்மா சொன்னாள், படத்தைப் பார்க்காதீங்க, அவர் கட்டின வீட்டுக்கு நேரா போங்க, சட்டை வாங்கினா உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்போம்ல, அது மாதிரி கதவுக்குப் பின்னால பாருங்க, பேசினுக்கு அடியில குனிஞ்சு பாருங்க, முன்பக்கம் எவனும் நல்லாத்தான் வைப்பான் என்றாள். விலாசம் வாங்கிக்கொண்டு போனேன். அந்த வீட்டுக்காரர் தங்கமான மனுஷர், டீ கொடுத்து உபசரித்தார், சிரிப்புக்காரரை ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். நான் கூச்சத்தோடு பேசினுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அங்கே ஒரு வாளி இருந்தது, பாதி நிறைந்திருந்தது, குழாய் மூட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அது ஒண்ணும் இல்ல சார், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை எடுத்துக் கொட்டிட்டா போதும், ரெண்டு வருஷமா பழகிடுச்சு என்றார். அவரிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். சொன்னேனே, கவலைப்படாதீங்கன்னு சொல்லியிருக்கார் என்றார்.

சிரிப்புக்காரர் வேண்டாம் என்று சொன்னதும் மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. நான் அவன்கிட்ட சொல்லியாச்சு, என் வார்த்தைக்கு இந்த வீட்டுல இவ்வளவுதான் மதிப்பா என்று குதித்தார். நான் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தேன். அம்மாதான், அண்ணா, நீ எனக்கு நல்லது நினைச்சுத்தான் கூட்டிட்டு வந்தே, ஆனா ஈரத் தரையில ஒத்தக் கால்ல நிக்கப் போறது நான், உன் சிநேகிதர் இல்ல என்றாள். மாமா குடையைக்கூட மறந்துவிட்டுப் போய்விட்டார், மூன்று வாரம் வரவில்லை, போனும் இல்லை. உன் அம்மா அண்ணனைத் தெய்வமாக நினைப்பவள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

அப்புறம் அவளே ஒரு யோசனை சொன்னாள். வாடிக்கையாளர் கொடுத்த துணியில் மீந்ததைச் சுருட்டிச் சட்டையோடு திருப்பிக் கொடுப்பது அவள் பழக்கம் இல்லையா, அதை வைத்துச் சொன்னாள், டைல்ஸ் கடைக்குப் போய், வேலை முடிஞ்சதும் மீந்த சாமானைத் திருப்பிக் கொண்டாந்து வீட்டுக்காரங்க பேர்ல வரவு வைக்கச் சொல்ற ஆளு யாருன்னு கேளுங்க என்றாள். போய்க் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார், இந்தக் கேள்வியை எங்கிட்ட யாரும் கேட்டதில்ல சார் என்று சிரித்தார், பிறகு, அப்படி ஒருத்தங்கதான் இருக்காங்க என்று ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார். போன் பண்ணினால் பெண் குரல். டைல்ஸ் ஒட்டும் வேலையில் ஆரம்பித்து இப்போது நாலு பேரை வைத்து வேலை எடுத்துச் செய்கிறவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், எல்லோரும் மேஸ்திரி அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மறுநாள் ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றார், எட்டே முக்காலுக்கு வாசலில் நின்றார்.

வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை அம்மாடி, நேராகக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, உங்களுக்குத்தானேம்மா, கொஞ்சம் நடந்து காட்டுவீங்களா என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது, ஏனென்றால் வெளியாள் முன்னால் வாக்கரைப் பிடிக்கவே அம்மா சம்மதிக்க மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி பார்க்க வந்தாலும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தலைவலி என்று சொல்பவள். மேஸ்திரி அம்மா அதைப் புரிந்துகொண்டாரோ என்னவோ, சார், நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க என்று என்னை அனுப்பிவிட்டார். நான் திரும்பி வந்தபோது அம்மா தையல் அறைக்குள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், கண்ணை மூடியிருந்தாள். கண்ணைத் திறக்காம, இப்ப வழுக்குதுன்னு நினைச்சுக்கிட்டு சட்டுன்னு கையை நீட்டுங்கம்மா என்றார் மேஸ்திரி அம்மா. அம்மாவின் கை போய்ச் சுவரில் எங்கே பட்டதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. மூன்று தடவை நீட்டச் சொன்னார், மூன்று கோடு, நடுவில் இருந்ததைச் சுற்றி வட்டம் போட்டார், கைப்பிடிக் கம்பி இங்கதான் என்றார். கடையில சொல்ற உயரம் வேற, ஆனா விழும்போது கை கடைக்காரன் சொன்ன எடத்துக்குப் போகாதும்மா என்றார். மாடிப்படிக்கு அடியில் சும்மா கிடக்கும் இடத்தோடு தையல் அறையில் மூன்றடி எடுத்தால் போதும், மெஷின் ஜன்னலோரம் அப்படியே இருக்கட்டும் என்றார். கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும், உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக்கொண்டால் காப்பாற்ற முடியாது என்றார். அவர் போன பிறகு அம்மா, முப்பது வருஷமா ஊருக்கே அளவு எடுத்திருக்கேன், இவங்களை மாதிரி எடுத்ததில்லைங்க என்றாள். விழுந்த பிறகு அவள் குரலில் அன்றைக்குத்தான் பழைய தெம்பைக் கேட்டேன்.

ஆனாலும் எனக்கு ஒரு தடவை சூடுபட்ட பயம். முன்னதாக மேஸ்திரி அம்மா கிளம்பும்போது வாசல் வரை போய், நீங்கள் கட்டிய வீடு ஏதாவது பார்க்கலாமா என்று கேட்க வாயெடுத்தவன், என்ன தோன்றியதோ, நீங்க செஞ்சதுல தப்பாப் போன வேலை ஒண்ணு இருந்தா சொல்லுங்களேன் என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு எனக்கே சந்தேகம், கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று. அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். இருக்கு சார், பள்ளிக்கூடத்துக்குப் பின் தெரு, பச்சைக் கதவு, அந்த அம்மா என்னைத் திட்டுவாங்க, பாதியில எழுந்து வந்துடாதீங்க, முழுசாக் கேட்டுட்டு வாங்க என்றார். போனேன். மேஸ்திரி அம்மாவின் பேரை எடுத்ததுமே பச்சைக் கதவுக்காரி பிடித்துக்கொண்டார். தரைச் சரிவு தப்பு, தண்ணீர் மூலையிலேயே தேங்கி நின்றது, செருப்போடு குளித்தோம், பாசி பிடித்தது என்று பத்து நிமிஷம் எனக்கே வியர்க்கும்படி திட்டினார். பிறகு என்ன செய்தார் என்று கேட்டேன். போன் பண்ணினேன், அன்னிக்குச் சாயங்காலமே வந்து முழங்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தா, தப்பு என்னோடதுதான்னு சொன்னா, தான் ஒட்டினதைத் தானே உடைச்சு அஞ்சு நாள்ல மறுபடி போட்டுக் குடுத்தா, ஒரு பைசா கேக்கலை என்றார். இன்னொரு வேலை வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்றேன். அவளைத்தான், வேற யாரை, ஆனா திட்டிக்கிட்டேதான் கூப்பிடுவேன் என்றார். எனக்கு அதற்கு மேல் ஒரு அத்தாட்சியும் தேவைப்படவில்லை.

வேலை ஆரம்பித்தது. தூசியில் நாங்கள் இரண்டு பேரும் மாவு மில்லில் வேலை பார்ப்பவர்கள் மாதிரி ஆகிவிட்டோம். ஆறாம் நாள் படிக்கு அடியில் தரையை உடைத்தபோது மேஸ்திரி அம்மா சட்டென்று வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார். மண்ணை அள்ளி என் கையில் வைத்தார், சொதசொதவென்று ஈரம். மாடியிலிருந்து வரும் பழைய குழாய் உள்ளுக்குள்ளேயே வெடித்துப் பல வருஷமாகக் கசிந்து சுவரின் அடிவாரம் ஊறியிருக்கிறது. சார், இதை மூடிட்டு மேல டைல்ஸ் ஒட்டினா வெள்ளிக்கிழமை முடிச்சிடலாம், மூணு வருஷத்துக்கு யாருக்கும் தெரியாது, அப்புறம் சுவரு பேசும், இல்ல, இப்பவே தோண்டிக் குழாயை மாத்தணும்னா இன்னும் பன்னிரண்டு நாள் ஆகும், ரெண்டையும் சொல்லிட்டேன் என்றார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். இன்னும் பன்னிரண்டு நாள் என்றால் இன்னும் பன்னிரண்டு குளியல், அந்தப் போர்வைக்குப் பின்னால், அந்த நாற்காலியில். அவள், என்னைப் பார்க்காதீங்க, நீங்களே சொல்லுங்க என்றாள். தோண்டுங்கம்மா என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அன்றைக்கு நான் தண்ணீர் ஊற்றும்போது அம்மா கண்ணைத் திறந்து வைத்திருந்தாள், காதுக்குப் பின்னாடி சோப்பு போகலை பாருங்க என்று அதட்டினாள்.

இதற்கு நடுவில் விஷயம் கேள்விப்பட்டு மாமா வந்தார். வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. யாரிடமும் பேசாமல் நேராக உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார், தண்ணீர் மொத்தமும் வடிகால் ஓட்டைக்கு ஓடிவிட்டது. நம்பவில்லை, எதிர் மூலையில் இன்னொரு வாளி கொட்டினார், அதுவும் ஓடிவிட்டது. வெளியே வந்து கட்டிலில் தங்கச்சியின் கால்மாட்டில் உட்கார்ந்து, கால் வலி எப்படி இருக்கு என்று கேட்டார். அவ்வளவுதான், அண்ணன் தங்கை சண்டை அதோடு சரி.

போன திங்கட்கிழமை மேஸ்திரி அம்மா தரையை நன்றாகக் காய விட்டு, கம்பியில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிக் காட்டி, மீந்திருந்த ஒரு பெட்டி டைல்ஸைக் கடையில் திருப்பிக் கொடுத்த ரசீதையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு தனியாக உள்ளே போனாள். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன், கதவு என் மூக்குக்கு நேராகச் சாத்தப்பட்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நின்றது, கேட்டது. எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை, கதவில் காதை வைத்தேன். உள்ளேயிருந்து, அடியில உங்க கால் தெரியுது, போய் வேலையைப் பாருங்க என்று சத்தம் வந்தது. நாற்பது நிமிஷம் குளித்தாள். தலை ஈரமாக, தானே புடவை கட்டிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து தலை துவட்டியபடி அவள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா, இனி அவ வீட்டுக்குப் போகலாங்க என்றாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. எலும்பு கூடிய பிறகும் உன்னிடம் வருவதைப் பற்றி நான் எப்போது பேசினாலும் பேச்சை மாற்றிவிடுவாள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டப் போறவளை மக உட்கார வச்சுக் குளிப்பாட்டணுமா, அப்படி ஒரு வருகை எதுக்கு என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். டாக்டரைக் கேட்டோம், அடுத்த மாதக் கடைசியில் தாராளமாகப் பயணம் செய்யலாம் என்றுவிட்டார். வருகிறோம், இரண்டு பேரும்.

அதற்குள் உன் வீட்டுக் குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பி வைக்க வேண்டும். தரையிலிருந்து அம்மாவுக்குச் சரியாக எண்பத்திரண்டு சென்டிமீட்டர், மறக்காதே. சின்ன வேலைதானே என்று முதலில் கிடைப்பவரைக் கூப்பிட்டுவிடாதே, உனக்கு எல்லாவற்றிலும் அவசரம். வருகிறவர் கம்பி யாருக்கு என்று கேட்கிறாரா பார், சுவரைத் தட்டிப் பார்க்கிறாரா பார், தப்பாகப் போன வேலை ஒன்றைச் சொல்லச் சொல், அப்படி ஒன்றுமே இல்லை என்பவரை மரியாதையாக வழியனுப்பிவிடு. பொருத்திய பிறகு மாப்பிள்ளையைத் தொங்கிப் பார்க்கச் சொல், அவர் எடைக்குத் தாங்கினால் யார் எடைக்கும் தாங்கும், இதை நான் சொன்னதாக அவரிடம் சொல்லாதே. இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும், அழுகையும் வரும், உடனே போனை எடுப்பாய். திட்டுவதென்றால் என்னைத் திட்டு, சத்தியம் செய்தவன் நான். அம்மாவிடம் பழையதைக் கிளறாதே, எப்பம்மா வரே என்று மட்டும் கேள், அவளுக்கு அது போதும். உனக்கு எழுதப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். எல்லாத்தையும் எழுதுங்க, நான் அழுதேன்னு மட்டும் எழுதாதீங்க என்றாள். அதனால் அதை எழுதவில்லை.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல், நீடூழி வாழ வேண்டும். பேத்தியின் இரண்டு உள்ளங்காலிலும் எங்கள் முத்தம்.

உன் வாசலுக்கு வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும்,
அப்பா